பத்து வரைக்கும் எண்ணணும்

பிப்ரவரி 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதறேன். நலமான்னு கேட்டா ‘நலம், வேலை அதிகம்’னு நாலு வரில முடிச்சுடுவே. அதனால இந்தத் தடவை நலம் விசாரிக்கல. உன் வேலை சம்பந்தமா ஒரு சந்தேகம் கேக்கறேன்.

நீ அந்த மொழிப் பள்ளி ஆபீஸ்ல உக்காந்து, டீச்சர் வேலைக்கு வர்ற விண்ணப்பத்தை எல்லாம் பிரிக்கறவ. எந்த சர்டிபிகேட்டுக்கு மதிப்பு, எது வெறும் காகிதம்னு உனக்குத்தான் தெரியும். இத்தோட ஒரு நோட்டீஸ் வச்சிருக்கேன், பாரு. நாலே வாரத்துல இங்கிலீஷ் டீச்சர் ஆகலாம்னு போட்டிருக்கு. படத்துல ஒரு அம்மா போர்டுல எழுதிக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்குப் பின்னாடி இருக்கற ஜன்னல்ல கடல் தெரியுது. அவங்க அதைத் திரும்பிக்கூடப் பாக்கல. நான்தான் ஒரு வாரமா பாத்துக்கிட்டே இருக்கேன்.

ரிடையர் ஆகி எட்டு மாசம் ஆச்சு. முப்பத்தொரு வருஷம் ஸ்டேஷன்ல மைக் முன்னாடி உக்காந்து மூணு மொழில வண்டி வர்றதையும் போறதையும் சொன்னவன். இப்ப வீட்ல சொல்றதுக்கு எதுவும் வர்றதுமில்ல, போறதுமில்ல. நேத்து சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் கண் அசந்தேன். ஒரு கனவு. நான் போர்டு முன்னாடி நிக்கறேன். பிள்ளைங்க எல்லாம் மடியில பெட்டிய வச்சுக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருக்காங்க. நான் ஒரு வார்த்தை சொன்னதும் ஒவ்வொருத்தரா எழுந்து, வழி தெரிஞ்சவங்க மாதிரி வெளிய நடந்து போறாங்க. ஜன்னல் வழியா ஈரக் காத்து வருது. முழிச்சப்பறமும் ரொம்ப நேரம் அப்படியே படுத்திருந்தேன்.

கட்டணம் கொஞ்சம் இல்ல. ரிடையர் ஆனப்ப கைக்கு வந்ததுல ஆறுல ஒரு பங்கு போயிடும். உங்கம்மா இருந்திருந்தா தலையில அடிச்சுக்கிட்டிருப்பா. நீ என்ன சொல்றே? அந்தப் பணத்துக்கு இது தகுமா? யோசிச்சு, விவரமா எழுது.

உன் அப்பா


பிப்ரவரி 9

அப்பாவுக்கு,

வேண்டாம். இதான் பதில். ஆனா ஏன்னு நான் சொல்லாம விட்டா, நீங்களா ஒரு காரணத்தைக் கண்டுபிடிச்சுக்குவீங்க. அதனால சொல்லிடறேன்.

கோர்ஸ் மோசம்னு நான் சொல்லல. இந்த மாதிரி நாலு வாரக் கோர்ஸ்ல நல்லதும் இருக்கு, ஊரை ஏமாத்தறதும் இருக்கு. எங்க ஆபீஸ்ல நாங்க மூணே கேள்விதான் கேப்போம். நிஜமான மாணவங்க முன்னாடி நின்னு எத்தனை மணி நேரம் பாடம் எடுத்தீங்க? அப்ப பின்னாடி உக்காந்து ஒருத்தர் பாத்து, தப்பை எடுத்துச் சொன்னாங்களா? வெளி ஆள் யாராவது வந்து கோர்ஸைப் பரிசோதிச்சாங்களா? இதுக்கெல்லாம் பதில் இல்லாத சர்டிபிகேட்டுல எங்க பியூன் டீ டம்ளர் வைப்பார். உங்க நோட்டீஸ்ல ஆறு மணி நேரப் பயிற்சி, பின்னாடி ஆள், ரெண்டும் இருக்கு. அந்த மட்டுக்கும் நல்லது. ஆனா கடைசி வரில ‘வேலை நிச்சயம்’னு இருக்கு பாருங்க. எவனாலயும் அப்படிச் சொல்ல முடியாது. சொன்னா சந்தேகப்படணும்.

அடுத்தது நீங்க. உங்க வயசு அறுபத்தொண்ணு. உங்க இங்கிலீஷ் எனக்குத் தெரியும். ‘கனிவான கவனத்திற்கு’ன்னு ஆரம்பிச்சு ‘தாமதத்திற்கு வருந்துகிறோம்’னு முடியும். நடுவுல இருக்கறதெல்லாம் நம்பரும் ஊர்ப் பேரும்தான். இருபத்தஞ்சு வயசுக்காரங்க நூறு பேர் வரிசையில நிக்கறப்ப உங்களை யார் கூப்பிடுவாங்க? முகத்துக்கு நேரா சொல்றதுக்கு மன்னிக்கணும். நேர்ல சொல்லல, காகிதத்துலதான் சொல்றேன்.

இன்னொண்ணு. பாடம் நடத்தறதுன்னா பேசறதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. அங்க போனதும் மூக்கு உடையும்.

பணத்தைப் பேங்க்ல போடுங்க. கடலைப் பாக்கணும்னா டிக்கெட் எடுத்துப் போய்ப் பாத்துட்டு வாங்க.

மகள்


பிப்ரவரி 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

திட்டாதே. கடுதாசி மேல இருக்கற விலாசத்தைப் பாத்திருப்பே. கோர்ஸ்ல சேர்ந்துட்டேன். முதல் வாரம் முடிஞ்சுது. குடை விக்கற கடை ஒண்ணு இருக்கு, அதுக்கு மேல மாடில ஒரு ரூம். காலைல கண்ணைத் திறந்தா ஜன்னல் முழுக்க வெள்ளையா மூடுபனி. எது கடல், எது வானம்னு எட்டு மணி வரைக்கும் தெரியாது. கீழ கடைக்காரர் குடையை ஒவ்வொண்ணா விரிச்சு மூடிப் பாக்கற சத்தம் மட்டும் வரும்.

உண்மையச் சொல்லிடறேன். உன்னைக் கேக்கறதுக்கு முன்னாடியே பணம் கட்டிட்டேன். அப்பறம் எதுக்குக் கேட்டேன்னா, உன் வேலையப் பத்திக் கேட்டா நீ கொஞ்சம் நீளமா எழுதுவேன்னு ஒரு ஆசை. ரெண்டு பக்கம் எழுதினே. நாலு வருஷத்துல அதான் பெரிய கடுதாசி. ‘டீ டம்ளர்’ வந்த இடத்தை மூணு தடவை படிச்சேன்.

எல்லார் கையிலயும் போன் இருக்கற காலத்துல ஏன் சார் கடுதாசின்னு இங்க தபால் ஆபீஸ்ல கேட்டாங்க. எம்பொண்ணுக்குப் பேசப் பிடிக்காது, எழுதத்தான் பிடிக்கும்னு சொன்னேன். சரிதானே?

நீ சொன்ன மாதிரியே மூக்கு உடைஞ்சுது. எங்களுக்குச் சொல்லிக் குடுக்கற டீச்சருக்கு நான் வாட்ச்சம்மான்னு பேர் வச்சிருக்கேன். கையில ஓட்டப் பந்தயத்துக்கு வைக்கற கடிகாரம். நாங்க பாடம் எடுக்கறப்ப கடைசி பெஞ்சுல உக்காந்து, நாங்க வாயத் திறந்தா அமுக்குவாங்க, மூடினா நிறுத்துவாங்க. என் முதல் பாடம் நாப்பது நிமிஷம். முடிஞ்சதும் மாணவங்க எல்லாம் கை தட்டினாங்க. என் குரலைக் கேட்டுச் சொக்கிப் போய்ட்டாங்கன்னு நினைச்சு நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன். வாட்ச்சம்மா கடிகாரத்தை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாங்க. நாப்பதுல முப்பத்தாறு நிமிஷம் நான் பேசியிருக்கேன். இங்கிலீஷ் கத்துக்க வந்த பன்னெண்டு பேருக்கும் சேத்து மிச்சம் நாலு நிமிஷம்.

இது நியாயமான்னு நீயே சொல்லு. மைக்கைத் திறந்தா ரெண்டு வினாடிக்கு மேல சும்மா இருக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்த வேலை. சும்மா இருந்தா ஜனங்க பயந்து போயிடுவாங்க, ஏதோ ஆகிப்போச்சுன்னு பெட்டியத் தூக்கிக்கிட்டு ஓட ஆரம்பிச்சுடுவாங்க. அந்தப் பழக்கத்தை ஒரு வாரத்துல எங்க கொண்டு போய்ப் போடறது?

உன் அப்பா


பிப்ரவரி 23

அப்பாவுக்கு,

முப்பத்தாறுதானா? நான் முப்பத்தொம்பதுன்னு கணக்குப் போட்டிருந்தேன்.

உங்க கடுதாசியை ஆபீஸ்ல வச்சுப் படிச்சேன். சிரிச்சுட்டேன். பக்கத்து சீட்டு அக்கா என்ன ஆச்சுன்னு எழுந்து வந்து பாத்தாங்க. நான் அங்க சத்தம் போட்டுச் சிரிச்சு யாரும் கேட்டதில்ல.

பணம் கட்டிட்டுத்தான் கேட்டீங்கன்னு படிச்சப்ப கோவம் வந்துச்சு. நான் உக்காந்து யோசிச்சு, மேனேஜர்கிட்ட கூடக் கேட்டு எழுதினேன். நீங்க ஏற்கெனவே முடிவு பண்ணிட்டு, நான் வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே பதிலை வச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க. இது உங்களுக்குப் புதுசு இல்ல.

எனக்குப் பேசப் பிடிக்காதுன்னு தபால் ஆபீஸ்ல சொன்னீங்களாம். அது சரியில்ல. என்ன சரின்னு இப்ப எழுத மனசில்ல.

வாட்ச்சம்மா சொல்றதைக் கேளுங்க. ஆறு மணி நேரப் பயிற்சியையும் ஒழுங்கா முடிங்க. கட்டின பணம் கட்டினதுதான்.

மகள்


பிப்ரவரி 27

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஒரு விஷயம் நடந்துச்சு. மூணு நாளா அது மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு.

எங்க வகுப்புக்கு வர்ற மாணவங்கள்ல ஒருத்தர் பேக்கரில வேலை செய்யற அம்மா. விடியறதுக்கு முன்னாடியே அடுப்புக்கிட்ட போய், மத்தியானம் அப்படியே நேரா வகுப்புக்கு வந்துடுவாங்க. முழங்கை வரைக்கும் மாவு இருக்கும். பேச்சு ரொம்ப மெதுவா வரும். அன்னிக்கு, ‘நான் எப்ப சந்தோஷமா இருப்பேன்’னு ஆளுக்கு ஒரு வாக்கியம் இங்கிலீஷ்ல சொல்லணும். அவங்க முறை வந்துச்சு. நான் சந்தோஷமா இருக்கறது எப்பன்னா, அப்படிங்கற வரைக்கும் சொல்லிட்டு நின்னுட்டாங்க. வகுப்பே அமைதியா இருக்கு. டக்குனு எடுத்துக் குடுத்தேன், என் பிள்ளைங்க வீட்டுக்கு வர்றப்பன்னு. அந்தம்மா என்னைப் பாத்து, மெதுவாத் தலையாட்டினாங்க. நான் சபாஷ்னு சொன்னேன்.

வகுப்பு முடிஞ்சதும் வாட்ச்சம்மா எங்க ரெண்டு பேரையும் நிறுத்திக்கிட்டாங்க. அதே கேள்விய மறுபடி கேளுங்க, கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க, வாயத் திறக்கக் கூடாதுன்னாங்க. கேட்டேன். எண்ணினேன். பத்து வந்துச்சு, ஒண்ணும் வரல. வாட்ச்சம்மா கண்ணாலயே இன்னும்னாங்க. பதினாலுல அந்தம்மா சொன்னாங்க: அடுப்பை அணைக்கறப்ப.

அவ்வளவுதான். அவங்களுக்குப் பிள்ளைங்களே இல்லையாம்.

அப்ப ஏம்மா தலையாட்டினீங்கன்னு கேட்டேன். சார் அவ்வளவு ஆசையாச் சொன்னீங்க, இல்லேன்னு சொல்ல மனசு வரலன்னாங்க. எனக்கு அசடு வழிஞ்சுது. ரூமுக்கு நடந்து வர்றப்ப பனி இறங்கி எதிர்ல வர்றவங்க முகம்கூடத் தெரியல. ஒவ்வொரு ஆளும் பக்கத்துல வந்தப்பறம்தான் யாருன்னு தெரிஞ்சுது. நான் வழி முழுக்க உன்னையே நினைச்சுக்கிட்டு நடந்தேன்.

நீ சின்னதுல பேசத் திணறுவே. ஒரு எழுத்துல மாட்டிக்கிட்டு முகம் சிவந்து போகும். அதைப் பாக்க என்னால முடியாது. நான் முடிச்சுக் குடுத்துடுவேன். நீயும் தலையாட்டுவே. பிள்ளைக்கு ஒத்தாசை பண்றேன்னுதான் நினைச்சேன்.

கேக்கப் பயமாத்தான் இருக்கு. ஆனாலும் கேக்கறேன். நான் முடிச்சுக் குடுத்ததுல எதாவது தப்பாப் போயிருக்காம்மா?

உன் அப்பா


மார்ச் 3

அப்பாவுக்கு,

கேட்டுட்டீங்க. நாலு வருஷமா இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். இப்ப வந்தப்ப பதில் எழுதக் கை வரல. நாலு தாளைக் கிழிச்சுப் போட்டேன்.

சின்னச் சின்னதா நிறைய இருக்கு. ஒம்பது வயசுல எனக்குப் பச்சை செருப்புதான் பிடிச்சுது, பழுப்பு வாங்கிக் குடுத்தீங்க. நான் ‘ப’ல மாட்டிக்கிட்டதுதான் காரணம். பரவாயில்ல, பழுப்பும் நல்லாத்தான் இருந்துச்சு. பத்தாவது முடிச்சப்ப கணக்குல எனக்கு விருப்பம்னு நீங்களே வாத்தியார்கிட்ட சொல்லிட்டீங்க. அதுவும் போகட்டும்.

கண்ணாடிக்காரரை ஞாபகம் இருக்கா? பஸ் ஸ்டாண்டு எதிர்க்க இருந்த கடையில லென்ஸ் தேய்க்கறவர். எனக்கு மூணு கண்ணாடி போட்டுக் குடுத்தவர். நான் ஒரு வார்த்தையில மாட்டிக்கிட்டா, அவர் கையில இருக்கற கண்ணாடியைத் துணியால துடைக்க ஆரம்பிப்பார். நான் சொல்லி முடிக்கற வரைக்கும் துடைச்சுக்கிட்டே இருப்பார். என் மூஞ்சியைப் பாக்க மாட்டார், வாயையும் பாக்க மாட்டார். அவரால எனக்குத் திக்கறதே பாதியாக் குறைஞ்சுது. அவர்கிட்டப் பேசறதுக்காகவே, நல்லா இருக்கற கண்ணாடியில கீறல் விழுந்துடுச்சுன்னு போய் நின்னிருக்கேன்.

அவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, என்னைக் கட்டிக்க விருப்பம்னு உங்ககிட்ட சொன்னார். பொண்ணைக் கேட்டுச் சொல்றேன்னு மரியாதையா அனுப்பி வச்சீங்க. மறுநாள் காலைல சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டே, என்னம்மா சொல்றேன்னு கேட்டீங்க. நான் பக்கத்துல நின்னுக்கிட்டு, ‘அப்பா, எனக்கு ச... ச...’ன்னு மாட்டிக்கிட்டேன்.

“சங்கடமா இருக்கா? சரிம்மா, விடு. வேண்டாம்னு நானே சொல்லிடறேன்.”

இஸ்திரிப் பெட்டியை நிமித்தி வச்சுட்டு அப்பவே போனை எடுத்தீங்க.

நான் சொல்ல வந்தது சம்மதம்.

அப்பறம் ஏன் சொல்லலன்னு கேப்பீங்க. சொல்ல வந்தேன். கை நீட்டி உங்க சட்டையைக்கூடப் பிடிச்சேன். ஆனா பதட்டம் வந்துட்டா எனக்கு மொத்தமாவே வராது. அதுக்குள்ள நீங்க அந்த ஸ்டேஷன் குரல்ல, வருத்தத்தோட தெரிவிச்சுக்கறேன்னு அவர்கிட்ட பேசிக்கிட்டு இருந்தீங்க. முடிச்சுட்டு என் தலையைத் தடவிக் குடுத்தீங்க. நான் தலையாட்டினேன். பேக்கரி அம்மா மாதிரியேதான்.

என் மேலயும் தப்பு இருக்கு. அன்னிக்குச் சாயந்திரமே ஒரு சீட்டுல எழுதிக் குடுத்திருக்கலாம். வீம்பு. உங்களுக்கே தானாப் புரியட்டும்னு விட்டுட்டேன். ரெண்டு தடவை கண்ணாடிக் கடை வரைக்கும் போனேன். கூட்டம் இருந்துச்சு, வெளிய நின்னுட்டுத் திரும்பிட்டேன். அப்பறம் இந்த வேலை வந்துச்சு, ஊரை விட்டுக் கிளம்பிட்டேன். அடுத்த வருஷம் அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். நல்லா இருக்கட்டும்.

நான் பேசப் பிடிக்காதவ இல்லப்பா. உங்ககிட்டப் பேசத்தான் பயம். எழுதினா, கடைசி வார்த்தை வரைக்கும் நான்தான் எழுதுவேன். நடுவுல யாரும் முடிச்சுட முடியாது. அதான் கடுதாசி.

மகள்


மார்ச் 6

பாப்பா,

உன் கடுதாசி வந்துச்சு.

எதையாவது எழுதணும்னு உக்காந்தேன். எனக்கு மன்னிப்புக் கேக்கத் தெரிஞ்சது ஒரே வாக்கியம்தான். அதை முப்பத்தொரு வருஷம், ஒரு நாளைக்கு அம்பது தடவை, மனசுல ஒண்ணும் இல்லாம சொல்லியிருக்கேன். அதை உன்கிட்ட சொல்ல மாட்டேன்.

கண்ணாடிக்காரருக்கு நாலு பக்கம் எழுதினேன். அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு எல்லாம். கவர்ல போட்டு விலாசமும் எழுதிட்டேன். தபால் ஆபீஸ் வாசல் வரைக்கும் போனப்பறம்தான் உறைச்சுது, இதுவும் உனக்குப் பதிலா நான் பேசற பேச்சுதானேன்னு. அங்கயே நின்னு கிழிச்சேன்.

நேத்து வகுப்புக்குப் போகல. வாட்ச்சம்மாகிட்டப் போய், எனக்கு இது சரிப்பட்டு வராது, நிறுத்திக்கறேன்னு சொல்லிட்டேன். மூணு வாரம் முடிஞ்சுது, பணம் திரும்ப வராதேன்னாங்க. வர வேண்டாம்னேன். ரூம் வாடகை மாசக் கடைசி வரைக்கும் கட்டியிருக்கு, அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன்.

மத்தியானம் படுத்தா அதே கனவு வருது. போர்டு, பெஞ்சு, ஜன்னல்ல கடல், எல்லாம் இருக்கு. பெஞ்சுல ஒருத்தரும் இல்ல. மூணாவது வரிசையில நீ மட்டும் ஒம்பது வயசுப் பொண்ணா உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்கே. நான் என்ன பண்றதுன்னு தெரியாம சாக்பீஸை வச்சுக்கிட்டு நிக்கறேன்.

பச்சை செருப்பு. அதுகூட எனக்குத் தெரியாமப் போச்சே.

அப்பா


மார்ச் 9

அப்பாவுக்கு,

இதை விரைவுத் தபால்ல அனுப்பறேன். நாளைக்கே கிடைச்சுடும்.

வகுப்புக்குப் போங்க. எனக்காகவோ, பணத்துக்காகவோ சொல்லல. எனக்குத் தெரிஞ்சு இத்தனை வருஷத்துல உங்களை யாரும் பேச்சை நிறுத்த வச்சதில்ல. அம்மாவால முடியல, என்னால முடியல, ஒரு கடிகாரத்தால முடிஞ்சிருக்கு. அதைப் பாதியில விட்டுட்டு வராதீங்க. அந்தப் பேக்கரி அம்மாவுக்கும் இன்னும் ஒரு வாரம் பாடம் பாக்கி இருக்குமே.

கண்ணாடிக்காரருக்கு எழுதின கடுதாசியைக் கிழிச்சீங்கன்னு படிச்சேன். முதல்ல ஆத்திரம் வந்துச்சு, எழுதவே எப்படித் தோணுச்சு உங்களுக்குன்னு. அப்பறம் கிழிச்ச இடத்தை மறுபடி படிச்சேன். வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பறதுல நீங்களும் நானும் ஒண்ணுதான்.

ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு எனக்குப் போன் பண்ணுங்க. நாலு வருஷத்துல முதல் தடவை நான் உங்ககிட்ட போன்ல பேசப் போறேன், அதனால சில நிபந்தனை. ‘அப்பா பேசறேன்’னு சொல்லுங்க. அதுக்கப்பறம் நான்தான் பேசுவேன். நான் மாட்டிக்குவேன், நிச்சயமா மாட்டிக்குவேன், உங்ககிட்டன்னா இன்னும் மோசமா வரும். நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாது. இருமக் கூடாது. ‘சொல்லும்மா, சொல்லும்மா’ன்னு ஊக்கப்படுத்தக் கூடாது, அது அதைவிட மோசம். பத்து வரைக்கும் எண்ணுங்க. பத்துலயும் வரலன்னா மேல எண்ணுங்க.

ஒரு வார்த்தை நீங்க முடிச்சாலும் போனை வச்சுடுவேன். அப்பறம் கடுதாசியும் வராது. மிரட்டறதா நினைக்காதீங்க, எனக்கு என்னைத் தெரியும்.

மகள்


மார்ச் 16

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேத்து நீ போனை வச்சதும் நான் மாடிப்படியில அப்படியே உக்காந்துட்டேன். மழை தூறிக்கிட்டு இருந்துச்சு. கடைக்காரர் என்ன சார், கெட்ட சேதியான்னு கேட்டார். இல்லப்பா, எம்பொண்ணு பேசினான்னு சொன்னேன். அவர் எதுவும் புரியாம ஒரு குடையைக் கையில குடுத்துட்டுப் போனார்.

உன் விரைவுத் தபால் கிடைச்ச அன்னிக்கே வகுப்புக்குத் திரும்பிட்டேன், கோர்ஸ் முடிஞ்சுது. கடைசிப் பாடத்துல நான் பேசினது பதினோரு நிமிஷம். வாட்ச்சம்மா கடிகாரத்தைக் காட்டல, தோளைத் தட்டிட்டுப் போய்ட்டாங்க. சர்டிபிகேட்டுல ‘தேர்ச்சி’ன்னு போட்டிருக்கு, அவ்வளவுதான், மேல ஒரு நல்ல வார்த்தையும் இல்ல. இந்தப் பணத்துக்கு இது தகுமான்னு உன்னைக் கேட்டேனே, வேலைய நினைச்சுப் பாத்தா நீ முதல்ல சொன்னதுதான் சரி. எவனும் என்னைக் கூப்பிடப் போறதில்ல. இருபத்தஞ்சு வயசுக்காரங்க நாலு பேருக்கு இப்பவே வேலை வந்துடுச்சு. என்னைக் கேட்டதுக்கு, பாக்கலாம் சார்னாங்க.

நேத்து நடந்ததை என் பக்கத்துலேருந்து உனக்குச் சொல்லணும். போன்ல சொல்லக் கூடாதுன்னு நிபந்தனை, அதனால எழுதறேன்.

நீ ஆரம்பிச்சே. ‘அப்பா, எனக்கு உங்க மேல இருக்கற கோவம் கு... கு...’ன்னு நின்னுட்டே. நான் எண்ண ஆரம்பிச்சேன். நாலு வர்றதுக்குள்ளயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. குறைஞ்சுடுச்சு. கோவம் குறைஞ்சுடுச்சுன்னு சொல்ல வர்றா எம்பொண்ணு. சந்தோஷத்துல கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அந்த வார்த்தை என் நாக்கு நுனில வந்து உக்காந்துக்கிச்சு. பிள்ளை இவ்வளவு கஷ்டப்படறாளே, நல்ல வார்த்தைதானே, இதைக்கூடச் சொல்லிக் குடுக்காம என்ன அப்பன் நான்னு இருந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பத்து போச்சு, இருபது போச்சு. உன் மூச்சு கேட்டுச்சு. அங்க ஏதோ கதவு மூடற சத்தம் கேட்டுச்சு. முப்பத்தி ரெண்டுல சொன்னே.

“குறையவே இல்லப்பா.”

நான் சரிம்மான்னேன். அதுக்கப்பறம் நீ பேசின இருபது நிமிஷமும் நான் ‘ம்’ தவிர எதுவும் சொல்லல. நீ போகப் போகக் கம்மியாத்தான் மாட்டிக்கிட்டே, உனக்கு அது தெரிஞ்சுதோ என்னவோ. உன் குரல் உங்கம்மா குரல் இல்ல, என் குரலும் இல்ல. நான் அதை முழுசாக் கேட்டதே நேத்துதான்.

நேத்து நான் வாயைத் திறந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாக்கறேன். நீ தலையாட்டியிருப்பே. போன்ல அது எனக்குத் தெரிஞ்சிருக்காது. கோவம் குறைஞ்சு போன பொண்ணோட அப்பாவா நான் நிம்மதியா ஊருக்குப் போய்ச் சேந்திருப்பேன்.

இன்னும் நிறைய இருக்குன்னு சொல்லித்தான் வச்சே. வர்ற ஞாயித்துக்கிழமையும் நாலு மணிக்குக் கூப்பிடறேன். மிச்சத்தையும் திட்டிடு. எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும், நான் லைன்லயே இருக்கேன்.

உன் அப்பா